உழவைத் தேர்ந்த ஓவியர்

அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்து, மோசஸ் கார்வர் என்ற குடியானவர் வாழ்ந்து வந்தார். 1855ஆம் ஆண்டில் அவர் 700 டாலர் கொடுத்து மேரி என்ற கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கினார். மாடு வாங்குவது போல மனிதரை வாங்கிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று அந்நாளில் அங்கே சட்டமே இருந்தது. அந்த மேரிக்கு 1864ஆம் ஆண்டை ஒட்டி ஒரு மகன் பிறந்தான். பிறந்த நாளை எழுதி வைப்பார் யாரும் இல்லை. உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் கொள்ளைக்காரர் புகுந்து தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். தாய் கிடைக்கவே இல்லை. கக்குவான் இருமலில் துவண்ட குழந்தை மட்டும் திரும்பி வந்தது. மீட்டு வந்தவனுக்குக் கூலியாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது என்பர்.

அந்தக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலை விஞ்ஞானி என்று ஏதோ ஒரு பாடப் புத்தகத்தில் நாம் அவரை ஒரு வரியில் கடந்து வந்திருப்போம். நிலக்கடலையை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஓவியராக விரும்பியவர் அவர். ஆகும் திறமையும் இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு உழவுக் கல்லூரிக்குப் போனார். வயலில் அடிமைகளாய் வதைபட்ட மக்களின் பிள்ளை, தானே விரும்பி வயலுக்குத் திரும்பினார். ஏன் திரும்பினார், திரும்பி என்ன செய்தார் என்று நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். எங்கே விண்ணப்பம் போடலாம் என்று இறுதியாண்டு மாணவர்கள் விடுதி மாடியில் கூடிக் கூடிப் பேசும் பருவம் இது. வங்கி, மத்திய அரசுத் தேர்வு, மென்பொருள், வெளிநாடு என்று பேச்சு சுற்றி வரும். உழவு என்ற சொல் மட்டும் அந்த மாடிக்கு ஏறுவதில்லை. பொங்கல் விழா மேடைக்கு ஏறும். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவோம். அதோடு சரி.

ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு ஆகமாட்டான் என்று வீட்டோடு வைத்துக்கொண்டனர். மோசஸ் கார்வரின் மனைவி சூசனிடம் சமையல், துவையல், தையல் எல்லாம் கற்றான். எஞ்சிய பொழுது காட்டில் கழிந்தது. கண்ட செடிகளைப் பெயர்த்து வந்து, யார் கண்ணிலும் படாத மூலையில் தனக்கென ஒரு தோட்டம் போட்டான். அக்கம்பக்கத்தார் வாடிய செடியை அவனிடம் கொண்டுவந்து காட்டும் அளவுக்குப் பெயர் பரவியது. ஊர்ப் பள்ளியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கே இடம். ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்த நியோஷோ நகருக்குத் தனியே போனான். மரியா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சி அவனைத் தம் பிள்ளை போல் ஏற்றுக்கொண்டார்.

பிறகு கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராய் அலைச்சல். 1879இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில், கறுப்பர் ஒருவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து ஒரு கூட்டம் கொன்றதைக் கண்ணால் கண்டார். அன்றே அந்த ஊரை விட்டு வெளியேறினார். துணி வெளுத்த காசில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். 1885இல் ஹைலண்ட் என்ற ஊரின் கல்லூரி அஞ்சல் வழியே அவருக்கு இடம் கொடுத்தது. மூட்டை முடிச்சோடு போய் நின்றார். முகத்தைப் பார்த்ததும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துத்தான் தெரியும், தோல் தெரியாதல்லவா? அந்த அடிக்குப் பிறகு சில காலம் படிப்பையே விட்டார். மேற்குக் கன்சாஸில் 160 ஏக்கர் புன்செய்யில் குடியேறி, புல் வேரோடு பெயர்த்த மண்கட்டிகளால் வீடு கட்டி, வறட்சியோடும் பனிப்புயலோடும் போராடிப் பார்த்தார்.

1890இல் ஐயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓவியமும் பியானோவும் பயின்றார். மற்ற மாணவர் துணிகளை வெளுத்துப் பிழைத்தார். வாழ்நாளில் முதல் முறையாகத் தம்மை மனிதராய் நடத்தும் இடம் ஒன்று கிடைத்தது. அவர் தீட்டிய பூக்களைக் கண்டு வியந்த ஓவிய ஆசிரியை எட்டா பட் அம்மையார், வியந்ததோடு கவலையும் கொண்டார். கறுப்பர் ஒருவர் ஓவியம் தீட்டி வயிறு வளர்ப்பது அந்நாளில் எளிதான காரியமா? அம்மையாரின் தந்தை ஏம்ஸ் நகரத்து ஐயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கே போகலாமே என்று அம்மையார் யோசனை சொன்னார்.

வயிற்றுப் பிழைப்புக்காக மட்டும் கார்வர் இசைந்தார் என்று நான் எண்ணவில்லை. தம் மக்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கே பருத்தி வயல்களில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மிகுதியாகப் பயன்படும் படிப்பு எது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் நெடுங்காலமாக இருந்தது. பின்னாளில் அவர் எழுதிய கடிதங்களில் இது தெளிவாகத் தெரிகிறது. 1891இல் ஏம்ஸ் போய்ச் சேர்ந்தார். அக்கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே.

அந்தக் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1862இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் ஒன்று, உழவும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த உயர்கல்வி, குடியானவன் பிள்ளைக்கும் கிடைக்க அது வழி செய்தது. நம் நாட்டில் 1960இல் பந்த்நகரில் தோன்றிய முதல் வேளாண் பல்கலைக்கழகம் இந்த மாதிரியைப் பின்பற்றியதுதான். ஆனால் சட்டம் கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பவர் நாற்காலி போட வேண்டுமே. ஏம்ஸில் கார்வரை மாணவர் உணவுக்கூடத்தில் உட்கார விடவில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடு உண்ணச் சொன்னார்கள். செய்தி கேட்டு, பழைய கல்லூரி ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மையார் நல்ல உடை உடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்தார். ஒரு நாள் முழுவதும் கார்வருடன் வளாகத்தைச் சுற்றினார். கீழ்த்தளத்தில் அவரோடு அமர்ந்து உண்டார். அதற்குப் பிறகு நிலைமை மெல்ல மாறியது. புதிதாய் வந்த ஒருவரை நம் விடுதிகளில் எப்படி வரவேற்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம், பேச்சில்லாமல் சாப்பிட்டுப் போன அந்த அம்மையார் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

ஏம்ஸில் பேராசிரியர் லூயி பாமெல் அவருக்குப் பூஞ்சை நோய்களைக் கற்பித்தார். கார்வருக்குக் கண் கூர்மை. இலையில் ஒரு புள்ளியைக் கண்டால் விடமாட்டார். அவர் திரட்டிய பூஞ்சைகளில் சில இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய யூக்கா செடி ஓவியம் பாராட்டுப் பெற்றது. தூரிகையை முற்றிலும் கீழே வைத்துவிடவில்லை. 1894இல் இளநிலைப் பட்டம், 1896இல் முதுநிலைப் பட்டம். அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் ஆனார். கண்ணாடி வீடு, நுண்ணோக்கி, மதிப்பு, மாதச் சம்பளம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில்தான் அலபாமா மாநிலத்து டஸ்கீகியிலிருந்து புக்கர் வாஷிங்டனின் அழைப்பு வந்தது. கறுப்பின மக்களுக்காக 1881இல் தொடங்கிய பள்ளி அது. 1896 அக்டோபரில் கார்வர் அங்கே போய் இறங்கினார். 1943இல் சாகும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

போய்ப் பார்த்தால் ஆய்வுக்கூடம் என்று ஒன்றும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். உடைந்த சீசா, பழைய சட்டி, கம்பித்துண்டு எல்லாம் பொறுக்கி வந்து கருவிகள் செய்தார். சோதனை நிலையத்துக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்கியது. அதை வைத்துக்கொண்டு மண்ணையும் சோதிக்க வேண்டும், ஆளையும் வைக்க வேண்டும். போதாக்குறைக்குக் கோழிப் பண்ணையையும் அவர் தலையில் கட்டினார்கள். கணக்கு வழக்கில் அவர் சூரர் அல்லர். கோழிக் கணக்கு உதைத்து 1904இல் விசாரணை கூட நடந்தது. வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதுவார், பிறகு விடமாட்டார். பெரியவர்களின் வரலாற்றிலிருந்து இத்தகைய செய்திகளை நீக்கிவிடுவது நம் வழக்கம். எனக்கு இவைதாம் அவரை நெருங்கிய மனிதராக்குகின்றன.

இவற்றை விடக் கடினமான தொல்லை மாணவர்களிடமிருந்தே வந்தது. உழவு படிக்க யாருக்கும் மனமில்லை. ஏன் இருக்கும்? பாட்டன் சவுக்கடி வாங்கிக்கொண்டு பருத்தி எடுத்தான். தகப்பன் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கடனோடு பருத்தி எடுத்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதே அந்த வயலிலிருந்து தப்பத்தான். பள்ளியிலும் மண்வெட்டியைக் கொடுத்தால் பெற்றோர் சினம் கொள்ளாமல் என்ன செய்வர்? டஸ்கீகியில் அந்தச் சினம் வெளிப்படையாகவே எழுந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. என் பாட்டி பிறர் நிலத்தில் மல்லாட்டை பறித்தவர். நண்பர்கள் சிலருக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; மணிலாக்கொட்டை என்றும் சொல்வதுண்டு. நாள் முழுதும் குனிந்து பறித்த காயில் ஒரு பங்குதான் கூலி. எங்களுக்கென்று ஒரு காணி நிலம் இல்லை. நுண்ணுயிரியல் முதுகலை முடித்துவிட்டு மண் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. இந்த மண்ணை விட்டு வெளியே போகத்தானே உன்னைப் படிக்க வைத்தேன் என்று கடைசியில் கேட்டார். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை உழவுக்குத் திரும்பினால் ஊர் மெச்சும். செய்தித்தாளில் படம் வரும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை திரும்பினால் அதற்குப் பொருள் வேறு. உழவை வாழ்த்திப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை. கார்வர் அதை அறிந்தவர். அவருக்கும் பாட்டன் சொத்து என்று ஒரு கைப்பிடி மண் கிடையாது.

அவர் செய்தது என்ன? முதலில் மண்ணைப் பார்த்தார். ஆண்டுக்கு ஆண்டு பருத்தியே போட்டுத் தேய்ந்த மண். மழை வந்து மேலே இருந்ததையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. உரம் வாங்கக் குடியானவனிடம் காசு இல்லை. எனவே காசு கேட்காத வழிகளைத் தேடினார். சதுப்பு நிலத்துச் சேறு, காட்டுச் சருகு, எரு இவற்றைக் குழியில் மக்க வைக்கச் சொன்னார். பருத்தியை நிறுத்தி ஓராண்டு தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடச் சொன்னார். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வீட்டு உணவுக்காக நடச் சொன்னார்.

பயறு போட்டால் மண் தேறும் என்பது உழவர் பழங்காலந்தொட்டு அறிந்தது. காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. 1886ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய அறிஞர் இருவர் அதைக் கண்டுபிடித்தனர். ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகு போல் சிறு சிறு முண்டுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுக்கிறது; செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. கார்வர் ஏம்ஸில் காலடி வைத்தபோது இது புத்தம் புதிய செய்தி. சில ஆண்டுகளுக்குள் அதை அலபாமாவின் எழுத்தறியாத குடியானவனிடம் கொண்டு சேர்த்தார். என் பாட்டி அந்த முண்டுகளைப் பூச்சி முட்டை என்று எண்ணி வந்தவர். அவை என்ன என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். ஐம்பது ஆண்டு மல்லாட்டை பறித்தவருக்கு அதைச் சொல்ல அதுவரை ஒருவரும் வரவில்லை.

கார்வர் துண்டு நூல்களாக எழுதினார். 1898இல் வந்த முதல் நூல், பன்றிகளுக்கு ஓக் மரக் கொட்டையைத் தீனியாகப் போடுவது பற்றியது. இப்படி 44 நூல்கள். படிக்கத் தெரியாதவனுக்கு நூல் என்ன செய்யும்? அதற்காக 1906இல் ஒரு வண்டி கட்டினார்கள். ஜெசப் என்ற செல்வர் பணம் கொடுத்ததால் ஜெசப் வண்டி என்று பெயர். கலப்பை, விதை, தயிர் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ச் செய்து காட்டினார்கள். வண்டியை நடத்தியவர் தாமஸ் கேம்பெல் என்ற டஸ்கீகி மாணவர். அரசு நியமித்த முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலர் அவர்தான். உழவு படித்தவன் மீண்டும் பண்ணையாளாகத்தான் வேண்டும் என்றிருந்த எண்ணத்துக்கு, அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த இளைஞரே விடையானார். அவரைப் பார்த்த குடியானவர் எத்தனை பேர் தம் பிள்ளையை டஸ்கீகிக்கு அனுப்ப எண்ணியிருப்பர்!

1910ஐ ஒட்டிப் பருத்திக்காய்க் கூன்வண்டு மெக்சிகோப் பக்கமிருந்து பரவி அலபாமாவுக்கு வந்து சேர்ந்தது. பருத்தி அழிய அழிய, நிலக்கடலை போடச் சொன்னவரின் பேச்சுக்கு மதிப்பு ஏறியது. விளைந்ததை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்காகத்தான் அந்தப் புகழ்பெற்ற பட்டியல். 1916இல் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளை எழுதி வெளியிட்டார். மை, சாயம், சோப்பு, பால் என்று பட்டியல் 300ஐத் தொட்டது. இவற்றில் பல சமையற் குறிப்புகள், சில முன்பே பிறர் அறிந்தவை. கடையில் விற்பனைக்கு வந்து நிலைத்தவை மிகக் குறைவு. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று எங்கும் எழுதுகிறார்கள், அது தவறு. 1884லேயே கனடா நாட்டவரான மார்செலஸ் எட்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கார்வர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. குடியானவனுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எண்ணியவருக்குக் காப்புரிமையில் நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

1921இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னே நிலக்கடலைச் சுங்கவரி பற்றிப் பேசப் போனார். பத்து நிமிடம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஏளனமும் இருந்தது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு பண்டமாக எடுத்து வைத்துப் பேசப் பேச, நேரக் கணக்கையே குழுவினர் விட்டுவிட்டனர். அன்றிலிருந்து நாடறிந்த மனிதர் ஆனார். காந்தியடிகளின் நண்பர் ஆண்ட்ரூஸ் 1929இல் டஸ்கீகிக்கு வந்தார். அடிகளின் உணவு பற்றிக் கார்வர் யோசனை எழுதிக் கொடுத்தார்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. குத்தகைக்காரன் பருத்தியே போட்டதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. நிலக்காரனும் கடன் கொடுத்த வணிகனும் பருத்தியை அடகாகக் கேட்டார்கள். வேறு பயிர் போட அவனுக்கு உரிமை எங்கே? இந்த முறையைக் கார்வர் வெளிப்படையாகக் கண்டித்தவர் அல்லர். மண்ணுக்குச் சொன்ன வைத்தியத்தை நிலவுடைமைக்குச் சொல்லவில்லை. கொலைக்கும்பல் நடமாடிய அலபாமாவில் இருந்துகொண்டு பேசியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. எங்கள் ஊர்ப் பாட்டியையும் நினைத்துக்கொண்டு படிக்கும் எனக்கு அந்த மௌனம் உறுத்துகிறது. நம்மில் வேளாண்மைக்குப் போகிறவர்கள் பொருளியலும் சட்டமும் படித்தவர்களையும் உடன் அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. புள்ளியியல் படிக்கும் நண்பருக்கும் அங்கே வேலை இருக்கிறது. வேதியியல் படிக்கும் தோழிக்கும் இருக்கிறது. காணி நிலம் இருந்தால்தான் போகலாம் என்று எந்த விண்ணப்பத்திலும் கேட்கவில்லை.

ஏம்ஸில் கார்வர் செடி தேடிப் புறப்படும்போது, ஒரு பேராசிரியரின் சின்னஞ்சிறு மகன் அவர் பின்னாலேயே ஓடுவான். புல்லின் பூவை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவனுக்குக் கற்பித்தார். ஹென்றி வாலஸ் என்ற அச்சிறுவன் பிற்காலத்தில் கலப்பின மக்காச்சோள விதையைப் பரப்பினார். 1933இல் அமெரிக்காவின் வேளாண் அமைச்சரும், 1941இல் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார். 1940இல் அவர் மெக்சிகோ சென்று கண்ட காட்சி, அங்கே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பயிர் ஆராய்ச்சி தொடங்கத் தூண்டுதலாயிற்று. அந்த ஆராய்ச்சியில்தான் நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமையை உருவாக்கினார். 1966இல் 18,000 டன் விதை இந்தியாவுக்கு வந்தது. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் கோவைப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். டில்லி பூசா நிலையத்தில் அந்தக் கோதுமையை நம் மண்ணுக்கு ஏற்றதாக்கியவர்களின் முன்னணியில் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். 1948இல் போலீஸ் அதிகாரி வேலைக்குத் தேர்வாகியும் அதை விட்டுப் பயிர் ஆராய்ச்சிக்குப் போனவர், 2023இல் மறைந்தார். நாம் விடுதியில் நாள்தோறும் திட்டிக்கொண்டே தின்னும் சப்பாத்திக்கு இப்படி ஒரு வழி வரலாறு உண்டு.

கார்வர் மணம் செய்துகொள்ளவில்லை. சேமித்த சுமார் 60,000 டாலரையும் டஸ்கீகியில் ஆராய்ச்சிக்கே எழுதி வைத்தார். 1943 ஜனவரி 5ஆம் நாள் இறந்தார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த பண்ணையை அதே ஆண்டில் அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது.

ஓவியத்தை அவர் இறுதிவரை விடவில்லை. அலபாமாவின் களிமண்ணிலிருந்தே வண்ணங்கள் செய்துகொண்டு, இரவில் தீட்டி வந்தார். டஸ்கீகி அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் 48 இருந்தன. 1947இல் அங்கே தீப்பிடித்தது. மூன்றே மிஞ்சின. சிகாகோவுக்குப் போய் வந்த அந்த யூக்கா அவற்றில் ஒன்று.